லிஸ்ட்ல இருக்கிற சொல்லெல்லாம் ஒரே வரியா ஒட்டுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஏ.எல். (உயர்தரம்) ஐசிடி பாடம் செய்ற பிள்ளைங்க, தோட்டத்து சங்கத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ பேர் லிஸ்ட் அடிச்சு குடுக்கிறவங்க, புதுசா வெப்சைட் வேலைக்கு போன தம்பி தங்கச்சிமாரு, இவங்க திரும்ப திரும்ப கேக்குறதெல்லாம் ஒரே எடத்துல போட்டிருக்கேன். உதாரணம் பெரும்பாலும் பைத்தான்ங்கிற புரோகிராம் மொழியிலதான். கமாண்ட் பேரெல்லாம் காதுல கேக்குற மாதிரி தமிழ் எழுத்துல இருக்கு, எடிட்டர்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. வேரியபிள் பேர (ஊர்கள், பேர்கள் மாதிரி நாமளா வைக்கிற பேர) மட்டும் தமிழ்லயே விட்டுரலாம், பைத்தான் 3 அத ஏத்துக்கும், நெசமாவே ஓடும்.

கீழ அடிக்கடி வர்ற லிஸ்ட் இதுதான், பதுளை கோச்சி (ரயில்) போற பாதையில உள்ள ஊருங்க:

ஊர்கள் = ["ஹட்டன்", "கொட்டகலை", "தலவாக்கலை", "நானுஓயா", "பண்டாரவளை", "பதுளை"]

கே: சரி, இத ஒரே வரியா எப்புடி ஆக்குறது?

", ".ஜாயின்(ஊர்கள்)

அவ்வளவுதான். "ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை, பதுளை"ன்னு வந்துரும். 6 ஊருக்கு 5 கமா, கடைசில ஒரு கமா தனியா தொங்காது, அதுதான் இதோட பெரிய சொகமே. கமாவுக்கு பதிலா கோடு போடலாம், புது வரி அடையாளம் போடலாம், ஒண்ணுமே இல்லாம வெறும் "" போட்டா எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். லிஸ்ட்ல ஒரே ஒரு ஊர்தான் இருக்குன்னா அந்த ஊர் மட்டும் வரும், லிஸ்ட்டே காலின்னா காலி ஸ்ட்ரிங் (ஸ்ட்ரிங்னா கோட்டேஷனுக்குள்ள உள்ள எழுத்துக் கோர்வை) வரும், எர்ரர் வராது.

கே: ஏன் கமா முன்னுக்கு நிக்குது? ஊர்கள்.ஜாயின்(", ")னு எழுதுறதுதானே நியாயம்?

ஜாவாஸ்கிரிப்ட்ல அப்புடித்தான். பைத்தான்ல அப்புடி எழுதுனா லிஸ்ட்டுக்கு ஜாயின்னு ஒண்ணு இல்லன்னு ஏசும். காரணம் இருக்கு, பைத்தான்ல ஒட்டுறதுக்கு லிஸ்ட்தான் வேணும்னு இல்ல, டியூப்பிள், செட், ஃபைல்ல இருந்து வர்ற வரிங்க, ஜெனரேட்டர், லூப் ஓட்டக்கூடிய (ஒவ்வொண்ணா எடுத்து பாக்கக்கூடிய) எதையும் ஒட்டலாம், அப்ப ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஜாயின் எழுதிக்கிட்டு இருக்காம ஸ்ட்ரிங் பக்கம் ஒரே ஒரு தடவ எழுதி வச்சிட்டாங்க. பாக்க கோணலா இருக்கும், ஆனா சரியான முடிவுன்னுதான் நான் சொல்லுவேன்.

கே: லூப் போட்டு பிளஸ் பண்ணி பிளஸ் பண்ணி சேத்தா என்ன? எனக்கு அது நல்லா வேல செய்யுதே?

10 பேருக்கு வேல செய்யும், 100 பேருக்கும் செய்யும். பிரச்சினை எங்க வருதுன்னா ஸ்ட்ரிங்குங்கிறது ஒரு தடவ உருவாக்குனா மாத்த முடியாத சாமான், பைத்தான்லயும் ஜாவாலயும் அப்புடித்தான். அதனால நீங்க பின்னால ஒரு சொல்ல சேக்குறதா நெனக்கிறீங்க, உள்ள நடக்குறது வேற, பழசு பூராவையும் புது எடத்துக்கு காப்பி பண்ணி அதுக்கு பின்னால புதுச வைக்குது, அடுத்த சொல்லுக்கு மறுபடி முதல்ல இருந்து எல்லாத்தையும் காப்பி. ஒரு பிடி கொழுந்து கிள்ளுனதும் சாக்குல உள்ள மொத்த கொழுந்தையும் கொட்டி இன்னொரு சாக்குக்கு மாத்தி அதுக்கு மேல அந்த ஒரு பிடிய போடுற மாதிரி, அந்திக்கு நிறுக்கிற வரைக்கும் இதே வேலன்னா மலையில யார் நிப்பா.

கணக்கு பாருங்க. 10 எழுத்துள்ள சொல்லு 10,000 இருக்குன்னு வைங்க. மொத்தமா வர வேண்டியது 1 லட்சம் எழுத்து. பிளஸ் லூப்ல முதல் தடவ 10, அடுத்தது 20, அப்புறம் 30ன்னு கூட்டிக்கிட்டே போனா காப்பி ஆகுற எழுத்து 50 கோடிக்கு மேல. ஜாயின் அப்புடி செய்யாது, முதல்ல ஒரு சுத்து போயி மொத்தம் எவ்வளவு எடம் வேணும்னு கணக்கு பாத்துக்கும், அந்த அளவுக்கு ஒரே தடவ எடம் புடிச்சு அடுத்த சுத்துல எல்லாத்தையும் வரிசையா வச்சிரும்.

இதுல ஒரு குசும்பு இருக்கு. நாம சாதாரணமா இன்ஸ்டால் பண்ற பைத்தான் சில நேரம் இந்த பிளஸ் லூப்ப கண்டுபுடிச்சு அதே எடத்துலயே நீட்டி விட்டுரும், அப்ப வேகமாத்தான் ஓடும், "பாருங்க சேர் ஒண்ணும் ஆகல"ன்னு பிள்ளைங்க வந்து காட்டுவாங்க. அந்த ஸ்ட்ரிங்க வேற ஒரு வேரியபிளும் புடிச்சிருந்தா அந்த சலுகை போயிரும், வேற பைத்தான் வகையில அது இல்லாமலே இருக்கலாம். அத நம்பி எழுதாதீங்கன்னு பைத்தானோட ஸ்டைல் கைட் பெப் 8லயே சொல்லியிருக்கு.

லூப்புக்குள்ள வேற வேல கொஞ்சம் இருக்கு, ஒரே வரில முடியாதுன்னா காலி லிஸ்ட் ஒண்ண வச்சு அப்பெண்ட் பண்ணிக்கிட்டே போங்க, லூப் முடிஞ்ச பொறவு வெளிய வந்து ஒரே ஒரு ஜாயின்.

கே: "சீக்வன்ஸ் ஐட்டம் 0, எஸ்டிஆர் எதிர்பாத்தேன், இன்ட் வந்துச்சு"ன்னு சிவப்புல வருது?

எஸ்டிஆர்னா ஸ்ட்ரிங், இன்ட்னா முழு நம்பர், உங்க லிஸ்ட்ல நம்பர் இருக்கு. காலையில, மத்தியானம், அந்திக்கு நிறுத்த கொழுந்து கிலோவ [6, 9, 5]ன்னு வச்சுக்கிட்டு ஜாயின் பண்ணுனா பைத்தான் மாட்டேன்னுரும், அது தானா நம்பர எழுத்தா மாத்தாது. " + ".ஜாயின்(மேப்(எஸ்டிஆர், கிலோக்கள்)) அப்புடின்னு போட்டா "6 + 9 + 5" வந்துரும். எர்ரர்ல உள்ள அந்த 0 எத்தனாவது ஆள்ல பிழைன்னு காட்டுது, எண்ணுறது 0ல இருந்து. லிஸ்ட்ல நன் (மதிப்பு ஒண்ணும் இல்லன்னு பைத்தான் வைக்கிற அடையாளம்) இருந்தாலும் இதே எர்ரர்தான், ஆனா அங்க மேப் போட்டு தப்பிக்க பாக்காதீங்க, வரில போயி "நன்"னே அச்சாகி நிக்கும். முதல்ல அத எடுத்து வீசுங்க.

கே: நடுவுல ரெண்டு கமா சேந்து வருது, யாரு போட்டா?

காலி ஸ்ட்ரிங் போட்டிருக்கு. எக்செல்ல ஒரு வரி சும்மா விட்டிருப்பாங்க, இல்லாட்டி ஃபார்ம்ல அப்பா பேர் கட்டத்த நிரப்பாம விட்டிருப்பாங்க. ", ".ஜாயின்(ஃபில்டர்(நன், பேர்கள்)) போட்டா காலி எல்லாம் போயிரும். வெறும் ஸ்பேஸ் மட்டும் இருக்கிற கட்டம் காலின்னு கணக்காகாது, அதனால முதல்ல ஒவ்வொண்ணையும் ஸ்ட்ரிப் பண்ணிட்டு (ஓரத்து ஸ்பேஸ வெட்டிட்டு) பொறவு வடிகட்டுங்க. அப்பவும் போகலன்னா ஃபோன்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுன எழுத்துல கண்ணுக்கு தெரியாத அகலமில்லாத ஸ்பேஸ் இருக்கும், அத ஸ்ட்ரிப் தொடாது, ரீப்ளேஸ் போட்டுத்தான் எடுக்கணும்.

கே: ஊர் பேருக்கு நடுவுல கமா வரும்னு பாத்தா எழுத்துக்கு நடுவுல வருது, அதுவும் புள்ளி தனியா நிக்குது?

லிஸ்ட் குடுக்க வேண்டிய எடத்துல ஒரே ஒரு ஸ்ட்ரிங்க குடுத்துட்டீங்க. ஸ்ட்ரிங்கும் லூப் ஓட்டக்கூடிய சாமான்தானே, அதனால பைத்தான் சத்தமே போடாம அத துண்டு துண்டா எடுத்து ஒட்டிரும். சுத்தி ஒரு சதுர அடைப்பு போட்டா சரி.

ஆனா புள்ளி ஏன் தனியா வந்துச்சுங்கிறத கொஞ்சம் நின்னு பாக்கணும், தமிழ்ல கோட் எழுதுறவங்க எல்லாருக்கும் இது ஒரு நாள் வந்தே தீரும். நம்ம கண்ணுக்கு "ஹட்டன்" 4 எழுத்து: ஹ, ட், ட, ன். யூனிகோட்ல (கம்பியூட்டர்ல எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கிற முறையில) அது 6 துண்டு, ஏன்னா புள்ளி தனி துண்டு. நுவரெலியா நமக்கு 5 எழுத்து, கம்பியூட்டருக்கு 9, கொம்பு, கால், விசிறி எல்லாம் தனித்தனி. துண்டாக்கிட்டு வெறும் ""ல ஒட்டுனா பழைய சொல் அப்புடியே திரும்பி வரும், நட்டம் இல்ல. நடுவுல ஒரு கோடு வச்சீங்கன்னாலோ, திருப்பி போட்டு ஒட்டுனீங்கன்னாலோ புள்ளி, கொம்பெல்லாம் பக்கத்து எழுத்துல போயி ஏறிக்கும், இல்லன்னா புள்ளி வட்டத்து மேல அனாதையா நிக்கும். எழுத்து எழுத்தா பிரிக்கணும்னா ஜாவாஸ்கிரிப்ட்ல இன்டல் செக்மென்டர்னு ஒண்ணு இருக்கு, பைத்தான்ல ரீஜெக்ஸ்ங்கிற தனி பேக்கேஜ்ல பின்சாய்கோடு பெரிய எக்ஸ் போட்டா முழு எழுத்தா புடிக்கும்.

கே: லிஸ்ட்ல 6 ஊர் எழுதுனேன், ஒட்டுனா 5 கமாவுக்கு பதிலா 4 தான் வருது, "ஹட்டன்கொட்டகலை"ன்னு ரெண்டு ஊர் ஒண்ணாயிருச்சு?

லிஸ்ட் எழுதுற எடத்துல ஹட்டனுக்கு பின்னால கமா போட மறந்திருக்கு. பைத்தான்ல கமா இல்லாம ரெண்டு கோட்டேஷன் பக்கத்து பக்கத்துல நின்னா அதுவே ஒட்டிரும், எர்ரர் சொல்லாது. ஒரு வரிக்கு ஒரு ஊர் எழுதி, கடைசி ஊருக்கும் பின்னால கமா போட்டு பழகுங்க.

கே: ஒரே புரோகிராம், ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் பேர் வரிசை மாறுது?

ரெட்டிப்பா வர்ற பேர எடுக்க செட் ஆக்கியிருப்பீங்க. செட்டுக்கு வரிசைங்கிறதே கெடையாது, அதுலயும் பைத்தான் 3.3ல இருந்து ஸ்ட்ரிங் ஹேஷ் (செட்டுக்குள்ள எடம் பாக்குற நம்பர்) ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேற வேறயா வர்ற மாதிரி பாதுகாப்புக்காக வச்சிருக்காங்க. பழைய வரிசையும் வேணும் ரெட்டிப்பும் போகணும்னா டிக்ட்.ஃப்ரம்கீஸ்(பேர்கள்) போட்டு அத ஒட்டுங்க.

வரிசைப்படுத்துற சார்ட்டட் போட்டா வரிசை நிக்கும், ஆனா அது நம்ம அகராதி வரிசை இல்ல. யூனிகோட்ல ன, ந-வுக்கு அடுத்து உக்காந்திருக்கு, ற வந்து ர-வுக்கு பக்கத்துல, நம்ம வரிசையில ற, ன ரெண்டும் கடைசிதானே. புள்ளியும் உயிர்மெய் குறியெல்லாம் முடிஞ்ச பொறவுதான் வருது. ஸ்கூல் ரெஜிஸ்டருக்கு அடிக்கிறதுன்னா டீச்சர் கட்டாயம் கண்டுபுடிச்சிருவாங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல இன்டல் கொலேட்டருக்கு தமிழ்னு சொல்லி குடுத்தா ஒழுங்கா வரிசைப்படுத்தும்.

கே: மத்த லாங்குவேஜ்ல?

ஜாவாஸ்கிரிப்ட்: ஊர்கள்.ஜாயின்(", "). அடைப்புக்குள்ள ஒண்ணும் குடுக்கலன்னா அதுவா கமா போட்டுரும், ஒட்டி வரணும்னா வெறும் '' குடுக்கணும். நம்பர தானா மாத்திக்கும், நல், அன்டிஃபைன்ட் (ரெண்டும் மதிப்பு இல்லன்னு காட்டுறது) எது வந்தாலும் காலியா விட்டுரும், அதனால பிழை தெரியாமலே போயிரும், எனக்கு இதவிட பைத்தான் ஏசுறதுதான் புடிக்கும்.

பிஎச்பி: இம்ப்ளோட்(", ", $ஊர்கள்). பழைய டியூட் நோட்ல லிஸ்ட்ட முன்னுக்கும் கமாவ பின்னுக்கும் போட்டிருப்பாங்க, 7.4ல அது வேணாம்னு எச்சரிக்கை வந்துச்சு, 8ல எடுத்தே போட்டாங்க.

ஜாவா: ஸ்ட்ரிங்.ஜாயின், ஜாவா 8ல வந்தது. நல் இருந்தா அந்த சொல்லையே அச்சடிச்சிரும். லூப்ல சேக்குறதுன்னா ஸ்ட்ரிங்பில்டர்.

கே: டேட்டாபேஸ்ல இருந்தே ஒட்டி எடுக்கலாமா?

எடுக்கலாம். மைஎஸ்கியூஎல்ல குரூப்_கான்கேட், போஸ்ட்கிரெஸ்ல ஸ்ட்ரிங்_அக், எஸ்கியூஎல் சர்வர்ல 2017ல இருந்து அதே ஸ்ட்ரிங்_அக். டிவிஷன் வாரியா ஒரு வரி, அதுல அந்த டிவிஷன் ஆளுங்க பேரெல்லாம் கமா போட்டு, அப்புடி ரிப்போர்ட் கேக்குறப்ப இதுதான் லேசு.

ஆனா மைஎஸ்கியூஎல்ல ஒரு குழி இருக்கு. குரூப்_கான்கேட் தர்ற நீளத்துக்கு எல்லை ஒண்ணு, நீங்க மாத்தலன்னா அது 1024 பைட். இங்கிலீஷ்காரனுக்கு 1024 எழுத்து, நமக்கு யூடிஎஃப்-8ல ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட், புள்ளிக்கும் 3, கொம்புக்கும் 3, ஆக 341 துண்டோட கத முடிஞ்சது. ஹட்டன்ங்கிற ஒரு சொல்லே 18 பைட். எல்லைய தாண்டுனா நிப்பாட்டாது, பாதியில வெட்டிட்டு ஒரு எச்சரிக்கை மட்டும் போடும், அத பிஎச்பி பக்கம் யாரும் பாக்குறதில்ல, லிஸ்ட்ல கடைசி ஆளுங்க பேர் காணாம போயிரும். இன்னொண்ணு, வீட்டு கம்பியூட்டர்ல சாம்ப் (வெப்சைட்ட வீட்டுலயே ஓட்டி பாக்குற சாஃப்ட்வேர்) போட்டு பழகுனவங்களுக்கு இது தெரியாது, ஏன்னா அதுக்குள்ள இருக்கிறது மைஎஸ்கியூஎல் மாதிரியே உள்ள மரியாடிபி, அதுல 10.2.4ல இருந்து எல்லைய 10 லட்சம் பைட்டுக்கு மேல கூட்டிட்டாங்க. வீட்டுல முழுசா வரும், சர்வர்ல ஏத்துனதும் வெட்டுப்படும். குவெரிக்கு முன்னால குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென்ங்கிற செட்டிங்க பெருசாக்கிட்டு ஓட்டுங்க.

கே: சிஎஸ்வி ஃபைலுக்கும் கமா போட்டு ஜாயின் பண்ணுனா போதும்தானே?

போதாது. சிஎஸ்விங்கிறது கமா போட்டு கட்டம் பிரிக்கிற ஃபைல். தோட்டத்து அட்ரஸ்ல லயம், டிவிஷன், தோட்டம், டவுன்னு கமா இல்லாத அட்ரஸ் எங்க இருக்கு, அத அப்புடியே ஒட்டுனா ஒரு கட்டம் நாலு கட்டமா சிதறி ஃபோன் நம்பர் கட்டத்துல போயி டவுன் பேர் உக்காந்துக்கும். பைத்தான்ல சிஎஸ்வின்னே மாட்யூல் இருக்கு, அது கமா உள்ள கட்டத்துக்கு கோட்டேஷன் போடும், உள்ளுக்கு கோட்டேஷன் இருந்தா அத ரெட்டிப்பாக்கும். எழுதுறப்ப என்கோடிங் யூடிஎஃப்-8-சிக்னு குடுங்க, அப்பதான் எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி தொறந்தா தமிழ் தமிழாவே தெரியும்.

இது சிஎஸ்விக்கு மட்டும் இல்ல. ஃபைல் பாதைக்கு ஓஎஸ்.பாத்.ஜாயின் இருக்கு. எஸ்கியூஎல் குவெரில பேர கோட்டேஷன் போட்டு ஒட்டாதீங்க, யாராவது ஒருத்தர் பேர் கட்டத்துல குறும்பு எழுதுனா டேபிளே போயிரும், எத்தன பேர் இருக்கோ அத்தன கேள்விக்குறிய மட்டும் ஜாயின்ல ஒட்டுங்க, பேருங்கள தனியா அனுப்புங்க.

கே: ஒட்டி டேட்டாபேஸ்ல ஒரே கட்டத்துல வச்சுக்கிட்டு, வேணுங்கிறப்ப ஸ்பிளிட் பண்ணிக்கலாம்னு இருக்கேன்?

வேணாம். லிஸ்ட் லிஸ்ட்டாவே இருக்கட்டும், ஸ்கிரீனுக்கோ பேப்பருக்கோ ஃபோனுக்கோ வெளிய போற வாசல்ல மட்டும் ஒட்டுங்க. ஒட்டுனத பிரிக்கிறப்ப, உள்ள கமா இருந்த பேர் ரெண்டாயிரும், நம்பர் எல்லாம் எழுத்தாயிருக்கும், காலி லிஸ்ட்ட ஒட்டி மறுபடி கமால பிரிச்சா காலி லிஸ்ட் வராது, உள்ளுக்கு ஒரு காலி ஸ்ட்ரிங் இருக்கிற லிஸ்ட் வரும், அப்ப ஆள் இல்லாத எடத்துல ஒரு ஆள்னு கணக்கு காட்டும். டேட்டாபேஸ்னா தனி டேபிள் போடுங்க, ஃபைல்னா ஜேசன் (லிஸ்ட்ட லிஸ்ட்டாவே எழுதி வைக்கிற முறை). ஜேசன்ல தமிழ் பூரா பின்சாய்கோடும் நம்பருமா வருதுன்னு பயப்படாதீங்க, டம்ப்ஸ்க்கு என்ஷூர்_ஆஸ்கி ஃபால்ஸ்னு குடுத்தா எழுத்தாவே வரும்.

கே: பேர் லிஸ்ட்ட ஒட்டி எஸ்எம்எஸ்ல அனுப்புனா பில்லு ஏறுது?

தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ்க்கு 70 துண்டுதான். இங்கிலீஷ்ல 160. நீளமா போயி ரெண்டு மூணா பிரிஞ்சா ஒவ்வொண்ணும் 67, ஏன்னா மறுபடி ஒட்டுறதுக்கான தகவலுக்கு கொஞ்சம் எடம் போயிரும். புள்ளி கொம்பெல்லாம் சேத்துத்தான் கணக்கு, நுவரெலியாங்கிற ஒரு சொல்லுக்கே 9 போச்சு. ", "ங்கிறதுல உள்ள ஸ்பேஸ எடுத்து வெறும் கமா போட்டா 20 பேருக்கு 19 துண்டு மிச்சம், அது சின்ன காரியம் இல்ல. அனுப்புறதுக்கு முந்தி ஒட்டுன ஸ்ட்ரிங்குக்கு லென் (நீளம் எண்ணுறது) போட்டு பாத்துக்குங்க, தமிழுக்கு பைத்தான் லென் சொல்ற கணக்கும் எஸ்எம்எஸ் கணக்கும் ஒண்ணுதான்.

கே: பாதி பேர் தமிழா வருது, பாதி கண்டமேனிக்கு இங்கிலீஷ் எழுத்தா வருது?

பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட்தான் காரணம். பழைய வேர்ட் ஃபைல்ல இருந்து எடுத்திருப்பீங்க. பாமினில தமிழா தெரியுறது ஃபொன்ட்டோட வேல மட்டும்தான், உள்ளுக்கு இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து. யூனிகோட் பேரோட அத ஒட்டிட்டா ஒரே ஸ்ட்ரிங்குல ரெண்டும் கலந்துரும், எந்த ஃபொன்ட் போட்டாலும் பாதி கெட்டுத்தான் தெரியும், பொறவு பிரிக்கவும் பெரும்பாடு. ஒட்டுறதுக்கு முந்தியே பாமினி பேர மட்டும் கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்கிருங்க.

கே: "ஹட்டனும் கொட்டகலையும் பதுளையும்"னு வர வைக்க முடியுமா?

"உம்"மு சும்மா பின்னால ஒட்டுனா "ஹட்டன்உம்", "கொட்டகலைஉம்"னுதான் வரும். புள்ளில முடிஞ்சா புள்ளிய எடுத்துட்டு "ும்" போடணும், ஐ, இ, ஈ-ல முடிஞ்சா "யும்", ஆ-வுக்கு "வும்", குற்றியலுகரம்னா உகரம் கெடணும், "கல்" மாதிரி சின்ன சொல்லுன்னா "கல்லும்"னு ரெட்டிக்கும். ஒரு ஃபங்ஷன் எழுதிரலாம், விளையாட்டா செஞ்சு பாக்க அருமையான பயிற்சி, ஆனா எல்லா பேருக்கும் சரியா வரும்னு நெனக்காதீங்க. அவசரத்துக்கு கடைசி ஆள தனியா எடுத்துட்டு, மிச்சத்த கமால ஒட்டி, நடுவுல " மற்றும் " போடுங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல இன்டல் லிஸ்ட்ஃபார்மட்டுக்கு தமிழ்னு சொன்னா அதே வேலைய அதுவா செஞ்சு தரும்.

கே: எனக்கு கோடே வேணாம், எக்செல்ல?

=டெக்ஸ்ட்ஜாயின்(", ", ட்ரூ, ஏ2:ஏ40). அந்த ட்ரூ காலி கட்டத்த தாண்டி போகச் சொல்றது. எக்செல் 2019ல இருந்துதான் இது இருக்கு, கூகுள் ஷீட்ஸ்ல சும்மாவே கெடைக்கும். பழைய எக்செல்னா & போட்டு ஒவ்வொண்ணா சேக்கணும், அந்த பாடுக்கு ஷீட்ஸ்ல ஏத்தி எடுத்துக்கிறது மேல்.

கே: ஓ.எல்.க்கு பாஸ்கல், அதுல ஜாயின் இல்லையே?

இல்ல. ஃபார் லூப் போட்டு பிளஸ்தான், முதல் ஆளுக்கு மட்டும் கமா போடாம இருக்க ஒரு இஃப். சாதாரண ஸ்ட்ரிங் 255 பைட்டோட நின்னுரும், அதுக்கு மேல உள்ளது சொல்லாம கொள்ளாம விழுந்துரும். ஃப்ரீ பாஸ்கல்ல அன்சிஸ்ட்ரிங்னு அறிவிச்சா அந்த எல்லை இல்ல.